கொள்ளிடக் கரையில் ஒரு குறுக்கு விசாரணை

போர் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் திருச்சியில் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். திருமானூருக்குக் கீழே கொள்ளிடத்துத் துறையொன்றில், பர்மா போய்த் திரும்பிய ஒருவர், ஏலத்தில் எடுத்த மோட்டாரைத் தம் படகின் பின்பலகையில் மாட்டி, ஆட்களை அக்கரை சேர்த்துவந்தார். விஜயதசமியன்று பிற்பகல் அந்தப் படகை நம்பித்தான் நான் துறைக்கு வந்தேன்.

அக்கரை ஊரில் மாலையில் சொற்போர். எங்கள் அணியின் முதற்பேச்சாளன் நான். மணி அடிக்கும்போது நான் மேடையில் இல்லையென்றால் எங்கள் அணி தோற்றதாகும் என்பது விதி. அதுவரை எந்த மேடையிலும் தோற்றறியாத நான், ஆற்றுமணலில் நின்றபடியே தோற்பதை எண்ணிப்பார்க்கவும் விரும்பவில்லை.

மோட்டார்க்காரர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மோட்டார் இருமியது, சற்றே ஓடியது, அடங்கியது. மீண்டும் இழுத்தார். இருமலும் நின்றுபோயிற்று.

பக்கத்தில் பழைய ஓடக்காரர் தம் ஓடத்தில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மோட்டார் வந்த நாள்முதல் அவர் ஓடத்தில் ஏறுவோர் குறைவு.

“ஏறுங்க தம்பி. கழி போட்டுத் தள்ளுனா அக்கரைதானே. கழி இருமாது.”

புரட்டாசி வெள்ளத்தில் அவர் ஓடம் வெகுதூரம் கீழே இழுபட்டு, இருட்டிய பிறகே கரையேறும். அதை அறிந்தும் அழைக்கிறார் என்றால் காரணம் இல்லாமலா? விசாரணையைத் தொடங்கினேன்.

“நேத்து இந்த மோட்டார்கிட்ட வந்தீங்களா?”

“வந்தேன். ஆயுத பூசைன்னு கூப்பிட்டாரு, சுண்டல் குடுத்தாரு, தின்னேன். ஏன், மோட்டாருக்கும் ரெண்டு வாய் ஊட்டிட்டேங்கிறீங்களா?”

வினாவுக்கு வினாவையே விடையாகத் தருபவர் எதையோ மறைக்கிறார் என்பது மேடை எனக்குக் கற்றுத்தந்த பாடம். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

மோட்டார்க்காரர் முதலில் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்துச் சோதித்தார். பொறி பளிச்சென்று வந்தது. பிறகு பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் காட்டினார். அடியில் தண்ணீர் இல்லை. என் குற்றச்சாட்டு சாட்சியின்றி நின்றது. சந்தேகம் மட்டும் அசையவில்லை.

டாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூடியைத் திறந்தவர், அதை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தார். மோட்டார் ஓடியது; ஓடிக்கொண்டே இருந்தது. மூடியைத் திருகி மூடினேன். சிறிது நேரத்தில் நின்றது. மூடியைக் கழற்றினேன், அவர் இழுத்தார்; ஓடியது. ஆக, குற்றவாளி மூடிதான்.

அதைத் திருப்பிப் பார்த்தேன். உச்சியில் காற்றுப் போகும் சிறுதுளையின் மேல் சந்தனமும் குங்குமமும் கனமாக அப்பிக் காய்ந்திருந்தன. உள்ளே காற்று நுழையாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்?

“இதை வச்சது யாரு?” என்றேன், ஓடக்காரரைப் பார்த்தபடி.

“நான்தான்” என்றார் மோட்டார்க்காரர். “பட்டாளத்துல லாரிக்கெல்லாம் இப்படித்தான் வச்சோம். ஓடாமயா போச்சு?”

கருவேல முள்ளொன்றை எடுத்துத் துளையைக் குத்தப்போனேன். மோட்டார்க்காரர் என் கையைப் பிடித்தார். “இருங்க தம்பி! சாமிக்கு வச்சதை முள்ளால குத்துறதா?” விரலை ஆற்றில் நனைத்து, சந்தனத்தைக் கரைத்து வழித்து, தம் நெற்றியில் இட்டுக்கொண்டார். துளைக்குள் தங்கியதை மட்டுமே முள்ளுக்கு விட்டார்.

புறப்படுகையில் ஓடக்காரரும் கழியோடு ஏறிக்கொண்டார்.

“நீங்க எதுக்கு?” என்றேன்.

“நடு ஆத்துல நின்னுட்டா? நீங்க விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள படகு கடலுக்கே போயிடும்.”

நிற்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அக்கரை சேரும்வரை என் உரையின் ஒரு வரியைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு கண் மூடியின் மேல், மறு கண் அவர் கையின் மேல். மோட்டார் நிற்கவில்லை. மணலில் குதித்து ஓடினேன். பந்தலுக்குள் நுழைந்தபோது மணியடிப்பவர் கையை ஓங்கியிருந்தார்.

மேடையேறி அவையை வணங்கினேன். முதல் வரி வரவில்லை. அப்போது பந்தலின் ஓரத்தில், கழியை ஊன்றிக்கொண்டு ஓடக்காரர் வந்து நின்றார். இங்கே இவருக்கு என்ன வேலை என்ற எரிச்சலில் என் குரல் எழும்பியது. அன்று அவரை நோக்கியேதான் முழுதும் பேசினேன்.