காலி நாற்காலிகளுக்கு ஒரு வரவேற்புரை

புத்தகக் கடையில் கஷ்டமான வேலை புத்தகம் விற்பதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அதே கடையில் ஒரு எழுத்தாளரை உட்கார வைத்து, அவருக்கு எதிரே நாலு பேரையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தாளர் வந்துவிடுவார். அந்த நாலு பேரைக் கொண்டுவரத்தான் நாய் படாத பாடு படவேண்டும்.

கொலுவுக்குக் கூப்பிட்டு ஆள் வராமல் சுண்டலைத் தாங்களே தின்று தீர்த்தவர்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய்த் தலைவரும் தாமுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கடை காளிகாட் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. முதலாளி சுப்ரதோ. வங்காள வழக்கப்படி அண்ணன் என்ற மரியாதையில் நான் அவரை சுப்ரதோதா என்பேன். அவரும் தெருக்காரர்களும் அக்கா என்ற பொருளில் என்னை மீனாதி என்பார்கள். அப்பா வங்கி வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர், நான் இங்கேயே பிறந்தவள். கடைக்குப் பின்னால் ஏசி போட்ட அறை ஒன்று உண்டு. அதில் மாதாமாதம் வாசிப்புக் கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. "வரவிருக்கும் நிகழ்வுகள்" என்று கடை வாசலில் நிற்கும் கரும்பலகை என் கையெழுத்தில்தான் இருக்கும். எழுதுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிகழ்வுகள்தான் வராமல் போகும்.

அந்த அறையின் மேல் சான்யால் பாபுவுக்குக் கண். அவர் பக்கத்துத் தெருவில் கணக்கு டியூஷன் எடுப்பவர், நல்ல மனிதர், இடம் போதாமல் தவிக்கிறார். "இன்னும் ஒரு கூட்டம் காலி நாற்காலியோட நடந்ததுன்னா, அறையை அவருக்குக் கொடுத்துடறேன் மீனாதி" என்று சுப்ரதோதா சொல்லிவிட்டார். அறை போனாலும் எனக்கு வேலை போகாது. கல்லாவில் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்ஸ் விற்கலாம். ஆனால் வீட்டில் நான் யாருக்கோ மருமகள், யாருக்கோ அம்மா. அந்த அறையில் மட்டும்தான் நான் மீனா. அது போய்விடுமோ என்று எனக்குப் பயம்தான்.

சுப்ரதோதாவின் பொறுமை எப்படி இந்த அளவுக்கு வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பொட்டலம் முதலில்

என் முதல் கூட்டத்துக்கு அறை நிறைய ஆள் வந்தது. சத்தியமாக வந்தது. நான் தமிழ் வீட்டில் வளர்ந்தவள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு உட்காரும் முன்பே கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மனசு கேட்காது. அதனால் வாசலிலேயே நின்றுகொண்டு, வந்தவர்கள் கையில் எல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தேன். சூடாக இரண்டு ஷிங்காடா, நம்ம சமோசாதான், கூட ஒரு சந்தேஷ் இனிப்பு.

மைக் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பாதி நாற்காலி காலி. மீதிப் பேரும் எழுத்தாளரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். எழுத்தாளர் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான் வாசலுக்கு ஓடி, பொட்டலமும் கையுமாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை மறித்துக் காரணம் கேட்டேன். இந்த ஊரில் பொட்டலம் கொடுத்தால் மங்களம் பாடியாயிற்று என்று அர்த்தமாம். இங்கேயே பிறந்த எனக்கு அதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"நீங்க பாட்டுக்குக் கையில கொடுத்துட்டீங்க தீதி. நாங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு போலிருக்குன்னு நினைச்சுட்டோம்."

மாப்பிள்ளைக் கவிஞர்

அடுத்தது, டாலிகஞ்சிலிருந்து ஒரு கவிஞர். அவருக்கு வசதியான சாயங்காலம், எனக்கு வசதியான சாயங்காலம், அறையும் காலி. பலகையில் கலர் சாக்பீஸால் பூவெல்லாம் போட்டு எழுதினேன். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் தெருவில் போனவர்கள் சிரித்ததை, என் பூவை ரசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஜாமாய் ஷஷ்டி. மாப்பிள்ளைகளை மாமியார் வீட்டில் கூப்பிட்டு, விசிறியால் விசிறி, விதவிதமாக மீன் சமைத்துப் போடும் நாள். ஊரில் உள்ள கல்யாணமான ஆண்களெல்லாம் அவரவர் மாமியாரின் சாப்பாட்டு மேஜையில். அவர்களோடு மனைவிமாரும் போயாகிவிட்டது. மாமியார்கள் சமையலறையில். மிச்சம் இருந்த மேற்கு வங்காளத்தில் என் கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு கட்டைப் பிரம்மச்சாரிகளும், மீன் விலையைத் தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு மாமனாரும்.

கவிஞரே வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். போன் போட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"மாமியார் கையில அடுத்த மீனோட நிக்கறாங்க மீனாதி. இப்ப எழுந்து வந்தேன்னா கவிதை மிஞ்சும், கல்யாணம் மிஞ்சாது."

முன் வரிசை மாஷிமா

எந்தக் கூட்டத்துக்கும் தவறாமல் வரும் ஒரே ரசிகை எதிர்வீட்டு மாஷிமா. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி, வயசான எல்லோருக்கும் பொது. முன் வரிசையில், சுவரோரம், எப்போதும் அதே நாற்காலி. வரலாற்று ஆய்வா, துப்பறியும் கதையா, எல்லாவற்றுக்கும் கண்ணை மூடி லயித்துக் கேட்பார். எழுத்தாளர்களிடம் அவரைக் காட்டி, "இந்தத் தெருவின் வாசிப்புப் பண்பாடு" என்று நான் பெருமை அடித்துக்கொள்வது உண்டு.

வைகாசிப் புழுக்கத்தில் ஒரு நாள் ஏசி நின்றுபோனது. அன்று மாஷிமாவைக் காணவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பதறி, கூட்டம் முடிந்ததும் எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாஷிமா மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மெஷினைச் சரி பண்ணினதும் ஒரு வார்த்தை சொல்லும்மா. எழுத்தாளர் யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லை."

எங்க ஆளுங்க

இப்படித்தான் சுப்ரதோதாவின் பொறுமை தீர்ந்தது. கடைசி வாய்ப்பு என்று கெடு வைத்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழ்க் கூட்டம் ஒன்று நடத்துகிறேன் என்றேன். சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் தேன்மொழி என்ற பெண் தன் முதல் சிறுகதைப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். வரிசையாகக் கட்டை விரல்கள் உயர்ந்தன. தெருவிலும் எல்லோரையும் கூப்பிட்டேன், நானே வங்காளியில் மொழிபெயர்த்துச் சொல்வதாக.

"அஞ்சுன்னா ஆறுக்கு மேலதான் வருவாங்க, அதுக்குள்ள அறையே கைமாறிடும்" என்று சுப்ரதோதா அலுத்துக்கொண்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி அவர் ஜன்மத்துக்கும் மறக்காதபடி ஒரு பிரசங்கம் செய்தேன். எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்கள் மாதிரி இல்லை, ரயில் பிடிக்க ஒரு மணி முன்னால் ஸ்டேஷனில் போய் உட்காருகிறவர்கள், அஞ்சு என்றால் நாலே முக்காலுக்கே ஆஜர் என்று அடித்துப் பேசினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சரி மீனாதி, அப்படின்னா அன்னிக்கு அஞ்சு மணிக்கே சான்யாலையும் வரச் சொல்லிடட்டுமா?"

ஞாயிறு, ஐந்து மணி

ஐந்து மணிக்கு அறையில் நான், மைக், நாற்காலிகள். தேன்மொழியைக்கூடக் காணோம். மைக்கைச் சோதிக்கிற சாக்கில் என் வரவேற்புரையை முழுசாகப் படித்தேன். "திரளாக வந்திருக்கும் அன்பர்களே" என்ற இடத்தில் நிறுத்தி, நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் சான்யால் பாபு. கையில் அளக்கிற டேப். பிறகு ஏதோ கல்யாணத்துக்குப் போகவேண்டுமாம், அதனால் மடிப்புக் கலையாத வேஷ்டி, சில்க் பஞ்சாபி, நம்ம ஜிப்பாதான், ஒரே வாசனை.

குழுவின் மூத்தவரான வெங்கட்ராமன் மாமாவுக்குப் போன் போட்டேன். "வந்தாச்சும்மா, பக்கத்துலதான் இருக்கோம்" என்றார். இந்த ஊரில் பக்கத்தில் இருக்கிறேன் என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சான்யால் பாபு சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்தார். ஒரு நாற்காலியாவது நிறையட்டும் என்று, "பாபு, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்று முன் வரிசையில் நடுவில் உட்கார வைத்தேன். அவர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்காமல் உட்கார்ந்தார். சுப்ரதோதா வந்து எட்டிப் பார்த்தார். மைக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

மணி ஆறு அடித்ததும் வாசலில் திமுதிமுவென்று சத்தம். பட்டுப்புடவைகள், மல்லிகைப் பூ, குழந்தை குட்டிகள், முன்னால் வெங்கட்ராமன் மாமா, நடுவில் தேன்மொழியும் அவள் மாமியாரும். எல்லோரும் நாலே முக்காலுக்கே வந்துவிட்டிருந்தார்கள். எதிரே டீக்கடையில் மண்குவளையும் கையுமாக நின்றிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். சென்னையில் அச்சடித்த நாள்காட்டி என் வீட்டுச் சமையலறையிலேயே தொங்குகிறது. தினம் தாளைக் கிழிப்பவளும் நான்தான்.

"முதல் புஸ்தகம்மா, ராகு காலத்துல எப்படி ஆரம்பிக்கறது?" என்றார் மாமா. "எல்லாரும் ஒண்ணு சேர்றதுக்காக நீ அஞ்சுன்னு போட்டிருக்கே, ஆரம்பிக்கறது ஆறுக்குன்னு நாங்களே புரிஞ்சுண்டோம். நம்மாத்துப் பொண்ணு, இதுகூடத் தெரியாமலா போட்டிருப்பா?"

சால்வை

அவர்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் தெருவின் வங்காளிகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஐந்து மணிக் கூட்டத்துக்கு எப்போதும் வருகிற நேரம் அதுதான். ஏசி ஓடுவதை வாசலிலேயே உறுதி செய்துகொண்டு மாஷிமாவும் வந்தார். நாற்காலி போதாமல் சுப்ரதோதா கடையிலிருந்த முக்காலியைத் தூக்கிவந்தார். எனக்குச் சந்தோஷத்தில் வரவேற்புரை மொத்தமும் மறந்துபோனது. நான் விழிப்பதைப் பார்த்து மாமா மைக்கை வாங்கிக்கொண்டார்.

கூட்டம் என்றால் பொன்னாடை இல்லாமல் நமக்கு ஆகாது. மாமா ஜரிகைச் சால்வை ஒன்று கொண்டுவந்திருந்தார். முன் வரிசை நடுவில், சில்க் பஞ்சாபியில், கம்பீரமாக உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் வேறு யாராக இருக்க முடியும்? நான் "மாமா, மாமா" என்று கை ஆட்டுவதற்குள் சால்வை சான்யால் பாபுவின் தோளில். தேன்மொழியின் மாமியார் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். அறை முழுக்கக் கைதட்டல். மாமா தமிழில் அவரது நீண்ட இலக்கியச் சேவையைப் பாராட்டினார்.

சான்யால் பாபு அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தேன்மொழி வாசித்த கதையில், சரக்கு ரயில் போகும்போதெல்லாம் ஆடும் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் வருகிறாள். நான் வரிவரியாக வங்காளியில் சொன்னேன். ஓரிடத்தில் தேன்மொழிக்கும் குரல் உடைந்தது, எனக்கும் உடைந்தது. பின்னால் மாமிகள் மூக்கை உறிஞ்சினார்கள். சான்யால் பாபு போகவேண்டிய கல்யாணத்துக்கு நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் சால்வையை மடித்துக்கூட வைக்காமல் கேட்டார். பொட்டலத்தைக் கடைசியில்தான் கொடுத்தேன், அந்தப் புத்தி இருந்தது.

எல்லோரும் போனபின் சுப்ரதோதா தயங்கித் தயங்கி, "அறையை அளந்தாச்சா சான்யால்?" என்று கேட்டார். சான்யால் பாபு டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோளில் சரிந்த ஜரிகையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தத் தெருவுல கணக்குச் சொல்லிக் கொடுக்கறேன் சுப்ரதோ, ஒருத்தர்கூட எனக்கு ஒரு கைக்குட்டை போர்த்தினதில்லை. இந்தச் சால்வையைப் போட்டுக்கிட்டு இந்த அறையை நான் எந்த வாயால கேட்பேன்? அடுத்த கூட்டம் என்னிக்குன்னு சொல்லு."

அடுத்த கூட்டத்துக்கும் பலகையில், நாள்காட்டியைப் பார்க்காமலே, ஐந்து மணி என்றே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் என் கூட்டங்களுக்கு ஆள் வந்ததெல்லாம் என் சாமர்த்தியத்தால் அல்ல, அதையும் மீறித்தான்.