மேசைவிரிப்புக்கு அடியில் ஒரு பாய்லர்

செட்ரிக் லம் சமையலறைச் சுவரில் தொங்கிய பாய்லரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. அழுத்தமானியின் முள் ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை. பல் போன கிழவன் கஞ்சி உறிஞ்சுவதுபோல உள்ளே ஒரு சத்தம். நேற்றும் இதே சத்தம்தான், ஆகையால் பாதகமில்லை. கம்பளிச் சட்டையின் மேல்பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே, வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரக் கூரைகளில் அக்டோபரின் முதல் வெண்பனி.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு பஸ் டிப்போவில் எண்ணெய்த் துணி பிழியப் போனவர், அதே டிப்போவின் தலைமை மெக்கானிக்காக ஓய்வு பெற்றார். இந்த வீட்டின் கூரை ஓடு அவர் போட்டது, குளியலறை அவர் கட்டியது. ஐம்பது வருடத்தில் கூலியாள் ஒருவன் வாசற்படி மிதித்ததில்லை. எரிவாயுவை மட்டும் உரிம அட்டை வைத்திருக்கிறவன்தான் தொடலாம் என்று சட்டம். அந்தச் சட்டத்தைத் தன் முகத்துக்கு நேரே சொன்ன வசவாகவே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் தலைகீழாகத் திருப்பி, அடியில் விலைச்சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். பரிசாக வந்ததையும் விடமாட்டார். மைத்துனி கொண்டுவந்து கொடுத்த டீக்கெண்டியை அவள் எதிரிலேயே திருப்பிப் பார்த்ததில் ஒரு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

பாய்லர் வாங்க ஜூன் மாதம்தான் நேரம், குளிர் வந்தால் ஊரே வரிசையில் நிற்கும், அப்புறம் கடைக்காரன் வைத்ததுதான் விலை. இது செட்ரிக்கின் கணக்கு, தப்பில்லாத கணக்கு. இழுத்து மூடவிருந்த ஒரு கிடங்கில் பாதி விலைக்குப் புத்தம்புதிய பாய்லரை வாங்கி, தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கினார். மாட்ட ஆள் பிடிப்பதுதானே பாக்கி என்று நினைத்தார். வந்த மூன்று பேரும் பெட்டியைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள்.

"எங்கேயோ வாங்கின சாமானுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது, மிஸ்டர் லம். சாப்பாட்டுக் கடைக்குச் சொந்த சாசேஜைக் கையோட கொண்டுபோய் வறுத்துக் குடுன்னு கேப்பீங்களா?" என்றான் மூன்றாமவன்.

"விலையைக் குறைச்சான்னா கொண்டுபோவேன்யா!"

ஆக, நான்கு மாதமாக அந்தப் பெட்டி முன்னறையில் கிடக்கிறது. மனைவி டோரீன் அதன்மேல் மேசைவிரிப்பு போட்டு விளக்கு வைத்துவிட்டாள்.

டோரீனுக்கு நெஞ்சு பலவீனம். வீடு ஒரு இரவு குளிர்ந்தால் ஒரு வாரம் படுக்கை. அதனால்தான் விடியுமுன் இந்தப் புறங்கைச் சோதனை. மே மாதத்திலிருந்து காலையில் தலைவலி வேறு சேர்ந்துகொண்டது.

"ஸ்கார்பரோவுல தங்கச்சி வீட்டுக்குப் போனா மாயமா விட்டுடுது செட்ரிக். இங்க வந்தா மறுபடி பிடிச்சுக்குது."

"கடல்காத்து. எனக்கு அங்கதான் தலைவலி, உன் தங்கச்சி வாயைத் திறந்தா."

அன்று ஒன்பது மணிக்கு நான்காவது ஆள் வருவதாக ஏற்பாடு. கதவைத் திறந்தால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி கருவிப்பெட்டியோடு நின்றாள். கெய்லி என்று அட்டை சொன்னது.

"உங்கப்பா வரலையா, கண்ணு?"

"வேன்ல தேடிப் பாருங்க. இருந்தா கையோட கூட்டிட்டு வாங்க."

மாடிப்படியில் டோரீனின் சிரிப்பும் இருமலும் ஒன்றாகக் கேட்டன. முன்னறைப் பெட்டியை கெய்லி சுற்றிவந்து பார்த்தாள். செட்ரிக்கின் கை மேல்பைக்குப் போனது.

"மாட்டித் தரேன். பாய்லர் கெட்டா உங்க பாடு, என் வேலை கெட்டா என் பாடு. சம்மதமா?"

"எவ்வளவு?"

"முதல்ல பழசைப் பாத்துக்கறேன்."

பழைய பாய்லரை எரியவிட்டு, அதன் அருகே காற்றை அளக்கும் சிறிய கருவி ஒன்றைப் பிடித்தாள். திரையில் எண் ஏறியது. அவள் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. பின்கதவை விரியத் திறந்தாள், ஜன்னலைத் தள்ளினாள், எரிவாயுக் குழாயை மூடினாள். பிறகுதான் பாய்லரின் மூடியைச் சுற்றி விரலை ஓட்டினாள்.

"இந்த ரப்பரை யார் மாத்தினது?"

"நான்தான். மே மாசம். பழசு நொறுங்கிப்போச்சு. பஸ் ட்யூப்ல வெட்டி வச்சேன். வருஷா வருஷம் ஒருத்தன் வந்து மூடியைத் திறந்து மூடறதுக்கு எண்பது பவுண்டு தண்டம் அழணுமா?" சொல்லும்போதே குரல் பாதியில் இளைத்தது.

"மூடி சரியா உக்காரல. புகை வீட்டுக்குள்ளதான் வருது. எச்சரிக்கை மணி ஒண்ணு மாட்டலையா?"

"எதுக்கு? அம்பது வருஷம் டிப்போ புகையில பழகின மூக்கு இது. கசிஞ்சா தெரியாதா?"

"இது கார்பன் மோனாக்சைடு, விஷம். வாசனையே கிடையாது மிஸ்டர் லம்." மேல்தளத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு நேர் மேல யார் படுக்கறாங்க?"

செட்ரிக்கும் நிமிர்ந்து பார்த்தார். படுக்கையறையின் பலகைத் தளம், அதன் இடுக்குகள், அவரே அடித்த ஆணிகள், எல்லாம் கண்ணுக்கு வந்தன. அவர் பாய்லர் எரியத் தொடங்கும்போதே எழுந்து, அதைத் தொட்டுப் பார்த்த கையோடு தோட்டம், பத்திரிகைக் கடை என்று சுற்றுகிறவர். வெந்நீரும் வெப்பமும் ஓடும் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை கதவடைத்த அறையில் தூங்குகிறவள் அவள்.

"என் பொண்டாட்டி," என்றார்.

"காலையில தலை வலிக்குதும்பாங்களா?"

"மே மாசத்திலேர்ந்து," என்றாள் டோரீன், கடைசிப் படியில் நின்றபடி.

கெய்லி அவளுக்கு ஒரு கோட்டைப் போர்த்தி வெளியே அழைத்துப்போய்ச் சுவரோரம் உட்காரவைத்தாள். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கவேண்டும் என்றாள். பழைய பாய்லரில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டினாள். வியாழக்கிழமை புதியதை மாட்ட வருவதாகவும் அதுவரை யாரும் இதைத் தொடக்கூடாது என்றும் சொன்னாள். செட்ரிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆறப்போகும் இரும்பின் முன்னால் நின்ற அவர் கை இரண்டு முறை எழுந்து இரண்டு முறையும் இறங்கியது.

"நீ ஒண்ணும் வேணும்னு செய்யலியே," என்றாள் வெளியிலிருந்து டோரீன். "பல்லைக் கடிக்காத. பல்லுக்கும் காசு."

அவர் சிரிக்கவில்லை.

கெய்லி வேனிலிருந்து உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். "இதான் மணி. இது சமையலறைக்கு."

"இன்னொண்ணு இருக்கா?" என்றார் செட்ரிக். "அவ தலைமாட்டுக்கு."

அவள் இன்னொன்றை எடுத்துவந்து நீட்டினாள். அடிப்பக்கத்தில் மஞ்சள் விலைச்சீட்டின் ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. செட்ரிக் அதை முகம் மேலாகவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, திருப்பாமல், மாடிப்படி ஏறினார்.