பதினொரு மணிக் கைராசி

சாலமன் அண்ணனுக்குக் கைராசி என்று கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஓடாத மெஷினை அவர் தொட்டால் ஓடுமாம். நான் ஐந்து வருடமாக அவர் தொடுவதைப் பார்த்து வருகிறேன். துணி மடிக்கும் மேஜை மெஷினுக்கு நேர் எதிரே இருப்பதால் பார்க்காமல் இருக்கவும் வழியில்லை.

எங்கள் லாண்டரியில் பெரிய மெஷின் ஒன்றுதான். எண்ணூர் கண்டெய்னர் யார்டுகளிலிருந்து வரும் பாய்லர் சூட், நர்சிங் ஹோம் படுக்கை விரிப்பு, லாட்ஜ் போர்வை எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போயாக வேண்டும். அதை ஓட்டுபவள் செங்கொடி. வியாசர்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். ஒன்பது வருடமாக அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு. முதலாளி தப்ரேஸ்; கடை அவருடைய அப்பா ஆரம்பித்தது.

சாலமன் அண்ணன் பிறந்தது காசிமேட்டில். அப்பா விசைப்படகு டிரைவர். மகனுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். வேலை ஒத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். ஃபேனுக்குக் காயில் சுற்றும் கடையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். பிறகு துபாய் போனார். அங்கே ஒரு ஓட்டல் லாண்டரியில் பதினான்கு மாதம் துணி வண்டி தள்ளினார். இதை அவர் மனைவி எல்சியே ஒருநாள் தண்ணீர் வரிசையில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து இறங்கியபோது அவர் லாண்டரி எஞ்சினியர். பைக்கின் முன்னால் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறார். நடுவே எந்தப் படிப்பு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர், கழுத்தில் சிலுவை, பேச்சுக்குப் பேச்சு துபாய். இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அவருடைய வைத்தியம் எனக்கு மனப்பாடம். முதலில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை மெஷின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். டாக்டர்கூட அவ்வளவு நேரம் கேட்க மாட்டார். கண்ணைத் திறந்ததும் ஏதாவது ஒரு பாகம் செத்துப்போனதாகச் செய்தி சொல்வார்.

ஒருமுறை துணி பிழியும்போது மெஷின் குதித்தது. "பேரிங்கு அழுவுது" என்றார். ஹார்பரில் சரக்குக்கு அடியில் போடும் கட்டைகள் நான்கைக் கொண்டுவந்து மெஷினுக்குக் கீழே சொருகச் சொன்னார். பத்தே நாளில் மெஷின் கட்டையிலிருந்து இறங்கிச் சுவர் வரை நடந்து போயிருந்தது. தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்ததுதான் காரணம். கட்டைகளை உருவிவிட்டு, மெஷினைப் பழைய இடத்துக்குத் தள்ளி, போல்ட்டுகளை முறுக்கியவள் செங்கொடி.

இன்னொரு முறை அழுக்குத் தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டது. "பம்பு காலி" என்றார். பம்புக்கு ஒன்றுமில்லை. யார்டு ஆட்கள் சத்தத்துக்காகக் காதில் அடைத்துக்கொள்ளும் மஞ்சள் பஞ்சு உருண்டைகளை பாய்லர் சூட் பாக்கெட்டிலேயே விட்டுவிடுவார்கள். அவை ஊறிப் பெருத்து, தண்ணீர் போகிற வாயில் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. செங்கொடி முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி எடுத்தாள். சாலமன் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். கலீஜில் அவர் கை வைக்க மாட்டார், வெள்ளைச் சட்டை. ஆனால் மறுநாள் டீக்கடையில் அந்தப் பம்புக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போன மழைக்காலம் முடிந்ததும் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று.

காலையில் முதல் துணியைப் போட்டால் மெஷின் பாதியில் நின்று கத்தும். சின்னக் கண்ணாடியில் சிவப்பாக E1 என்று வரும். மெஷின் கேட்ட நேரத்துக்குள் தண்ணீர் நிறையவில்லை என்று அதற்கு அர்த்தம். மெஷினோடு வந்த புத்தகத்தில் குழாய்ப் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். என்னைப் போல ஆறாவதோடு நின்றவளுக்கும் அந்தப் படம் புரியும். அந்தப் புத்தகத்தைச் சாலமன் அண்ணன் கையால் தொட்டதில்லை. எஞ்சினியருக்கு எதற்குப் புத்தகம்?

காலையில் ஃபோன் போட்டால், தான் வரும்வரை யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் சர்ச் பூசை முடித்து, டிபன் முடித்து, டீ முடித்துப் பதினொரு மணிக்கு வருவார். சிலுவை போடுவார். காதை வைப்பார். மூடியில் இரண்டு தட்டு தட்டி, பட்டனை அழுத்துவார். மெஷின் ஓடும்.

"பாத்தியா தம்பி? கைய வெச்சேன், கம்முனு ஓடுது."

தப்ரேஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஏன் ஓடியது என்று எனக்கும் செங்கொடிக்கும் தெரியும். கடையின் வெளிச்சுவரில் ஒரு குழாய் இருக்கிறது. தப்ரேஸின் அப்பா தெருவுக்காக வைத்தது. ஆறரை மணிக்குத் திறந்தால் ஒன்பதரை வரை முப்பது வீட்டுக் குடங்கள் வரிசையில் நிற்கும். என் குடமும் நிற்கும், எல்சியின் குடமும் நிற்கும். அந்தக் குழாய்க்கும் மெஷினுக்கும் மாடித் தொட்டியிலிருந்து ஒரே பைப்தான். குழாய் திறந்திருக்கும்வரை மெஷினுக்குத் தண்ணீர் மெதுவாக வரும். மூடியதும் வேகமாக வரும். அதாவது சாலமன் அண்ணனின் வீட்டுக் குடம் நிரம்பி, குழாயும் மூடிய பிறகுதான் அவருடைய கைக்கு ராசி வரும். ஒன்பது மணிக்கு ஒருநாள் வந்திருந்தால் அந்த ராசி அன்றே செத்திருக்கும். அவருடைய சோம்பேறித்தனம்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தினமும் ஏன் காலையில் மட்டும் நிற்கிறது என்று தப்ரேஸ் ஒருநாள் கேட்டுவிட்டார். சாலமன் அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மெஷின் மேல தப்பு இல்ல தம்பி. ஓட்ற கை சரியில்ல. இ ஒன்னுன்னா ஆப்பரேட்டர் மிஸ்டேக்கு. துபாயா இருந்தா அன்னிக்கே டிக்கெட் குட்து அனுப்பிடுவான்."

"செங்கொடியா? அவங்க ஒம்போது வருசமா ஓட்டறாங்களே அண்ணே."

"ஒம்போது வருசமா தப்பா ஓட்டிக்கினு கீது. படிச்ச பொண்ணு வோணும். எங்க எல்சி தங்கச்சி ஜானட் கீதே, பிளஸ் டூ. இங்கிலீஷு தண்ணி பட்ட பாடு."

ஜானட்டுக்கு வேலை தேடி அவர் மூன்று மாதமாக அலைந்தது தெருவுக்கே தெரியும். தப்ரேஸுக்கு மட்டும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் செங்கொடியிடம், சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சோப்புத்தூள் டிரம்மைப் பார்த்துச் சொன்னார். அது செவ்வாய்க்கிழமை.

செங்கொடி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் மேஜைக்கு வந்து போர்வையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழாயால தண்ணி பத்தலன்னு சொல்லிட்டா என் வேல தப்பிக்கும், இல்ல?" என்றாள் மெதுவாக.

நான் போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தேன். குழாய்க் கூட்டம் வாசலை அடைக்கிறது, துணி வண்டி வர முடியவில்லை என்று தப்ரேஸ் வெகுநாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பா வைத்தது என்பதால்தான் மூடாமல் இருந்தார். ஒரு காரணம் கிடைத்தால் போதும். மாநகராட்சித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்; அதுவும் வந்தால்தான் உண்டு. செங்கொடி வியாசர்பாடிக்காரி. இந்தக் குழாயில் அவள் ஒரு சொம்பு பிடித்ததில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் நான் பயந்தேன். அவளுடைய வேலையை நினைத்து அல்ல, என் குடத்தை நினைத்து. சாலமன் அண்ணனைப் பழிக்கிற இடத்தில் இதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

"மூஞ்சிய பாரு, கொடத்த பிடுங்கின மாரி" என்று செங்கொடி சிரித்தாள். "சொல்ல மாட்டேன் போ. ஆனா போன வருசமும் இதே கொழா, இதே கூட்டம்தானே? அப்போ இந்த சனியன் கத்தல. அப்போன்னா நடுவுல எங்கியோ அடைச்சிக்கினு கீது."

"அப்ப நீயே பாரேன்" என்றேன்.

"பாத்து சரி பண்ணி வெப்பேன். பதினோரு மணிக்கு அவரு வந்து ரெண்டு தட்டு தட்டுவாரு. அவரு சரி பண்ணதா ஆயிடும். எனக்கு சனிக்கிழம சனிக்கிழமதான்."

மறுநாள் அவள் தப்ரேஸிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் போறேன் பாய். போறதுக்கு முன்னாடி ஒரு நாளு அண்ணன ஏழு மணிக்கு வரச்சொல்லு. நான் எங்க தப்பு பண்றேன்னு அவரு கண்ணால பாக்கட்டும். ஜானட்டுக்கும் சொல்லிக் குடுக்க வசதியா இருக்கும்."

தட்ட முடியாத வேண்டுகோள். சாலமன் அண்ணன் இரண்டு நாள் சாக்குச் சொன்னார்; ஒருநாள் பைக் பஞ்சர், ஒருநாள் வயிறு. வெள்ளிக்கிழமை தப்ரேஸே அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவந்தார். அப்போது மணி ஏழேகால். வெளியே குழாயில் கூட்டம் நெரிந்தது. எல்சி இரண்டு குடத்தோடு ஜன்னலோரமாக நின்றிருந்தாள்.

செங்கொடி துணியைப் போட்டு, பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். சற்று நேரத்தில் மெஷின் கத்தியது. E1.

சாலமன் அண்ணன் சிலுவை போட்டார். காதை வைத்தார். இரண்டு தட்டு தட்டிப் பட்டனை அழுத்தினார். கத்தியது. நான்கு தட்டு. கத்தியது. மேல் மூடியைக் கழற்றி, பையில் வைத்திருந்த வேறொரு சர்க்யூட் போர்டை மாட்டினார். அதுவும் கத்தியது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலில் குடத்தைவிட முகங்கள் அதிகமாயின.

"எஞ்சினியரே, மெஷினுக்குத் துபாய் பாஷ புரியல போல கீதே!" என்று வரிசையிலிருந்து டோரதி அக்கா குரல் கொடுத்தாள். டோரதி அக்கா மீன் விற்கிறவள். அவள் குரலுக்குக் கதவு கிடையாது.

"ஏங்க, முடியலன்னா வுட்டுட்டு வாங்க. இட்லி ஆறிப்போவுது" என்றாள் எல்சி. உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பாள்.

சாலமன் அண்ணன் நெற்றியைத் துடைத்தார். "மெஷின் சூடு ஏறி கீது தம்பி. கொஞ்சம் ஆறட்டும். நான் டிபன் துன்னுட்டு பதினோரு மணிக்கு வந்து ஒரு கை பாக்கறேன்."

"அது இன்னா பதினோரு மணி?" என்றாள் செங்கொடி. "இப்பவே இன்னொரு எடத்த பாத்துட்டுப் போங்கண்ணே. மெஷின் பின்னாடி."

"பின்னாடியா? பின்னாடி இன்னா கீது?"

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு லாண்டரி எஞ்சினியர். ஐந்து வருடமாக அந்த மெஷினுக்கு வைத்தியம் பார்ப்பவர். தப்ரேஸ் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக எதையோ பார்த்தார் என்று நினைக்கிறேன்.

சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து. சாலமன் அண்ணன் வயிற்றை எக்கிப் பார்த்தார், சட்டையைக் குனிந்து பார்த்தார், நின்றுவிட்டார். செங்கொடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வால்வை மூடும் சத்தம் கேட்டது. தண்ணீர் வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் வாயிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு சல்லடையை எடுத்துவந்து தப்ரேஸின் உள்ளங்கையில் வைத்தாள். சல்லடையே தெரியவில்லை. போர்வெல் தண்ணீரின் துருவும் மணலும் ஈரக் காப்பித்தூள் போல அப்பியிருந்தன.

"இத்த தாண்டி எப்படி பாய் தண்ணி வரும்?"

அவள் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி மாட்டி, வால்வைத் திறந்து, பட்டனை அழுத்தினாள். வெளியே குழாய் திறந்தேதான் இருந்தது. எல்சியின் இரண்டாவது குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. மெஷின் தண்ணீர் குடித்தது. எல்லோரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்தோம். சிவப்பு வரவில்லை. துணி சுற்ற ஆரம்பித்தது.

தப்ரேஸ் ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிவது போலிருந்தது. நான் என் குடத்தை நினைத்தேன்.

"கொழா தொறந்துதான் கீது பாய். மெஷினும் ஓடிக்கினுதான் கீது" என்றாள் செங்கொடி அவரைப் பார்த்து. "ரெண்டுக்கும் சண்ட இல்ல. வாரத்துக்கு ஒருக்கா நான் அந்த சல்லட வலைய கழுவறேன்."

தப்ரேஸ் தலையை ஆட்டினார். "சரி, நீங்களே பாத்துக்குங்க" என்று இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னார். சனிக்கிழமை செங்கொடி வேலைக்கு வந்தாள், திங்கட்கிழமையும் வந்தாள். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. முதலாளிகளை அந்தப் பாகம் வைத்துச் செய்வதில்லை.

சாலமன் அண்ணன் அன்று கிளம்பும்போது, "நானும் அதான் சொல்ல வந்தேன், வலையத்தான்" என்றார். ஜானட் இப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அதுதான் ஆசையாம். அவளை யாரும் கேட்கவில்லை.

அவருடைய கைராசி அழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. தண்டையார்பேட்டையில் இரண்டு லாண்டரிகள் புதிதாகக் கூப்பிடுகின்றன. பதினொரு மணிக்குப் போகிறார். போகும் இடமெல்லாம் இப்போது முதல் வேலையாக, "மெஷின் பின்னாடி பாத்தியா?" என்று கேட்கிறாராம். கையில் காட்ட ஒரு ஃபோட்டோவும் வைத்திருக்கிறார். துரு அப்பிய அந்தச் சல்லடையை அடுத்த வாரம் எங்கள் கடைக்கு வந்துதான் படம் எடுத்தார். ஒரு வாரத் துரு போதவில்லை என்று கொஞ்சம் மண் அள்ளிப் போடச் சொன்னார். அவர் கையில் அழுக்குப் படக் கூடாதே, சல்லடையையும் செங்கொடியையே பிடித்துக் காட்டச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே பிடித்தாள்.

சல்லடையைத் தன் கையாலேயே கழற்றி எடுத்ததாகச் சொல்லி அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறார். படத்தில் இருக்கும் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் நான்கு இருக்கின்றன. இதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம்.