சளி வந்து கதவைத் தட்டிய காலை

சளி என்ற சொல்லை நான் உச்சரிப்பதில்லை. ஜலதோஷம் என்றே சொல்வேன். மார்கழி பிறந்ததும் எங்கள் ஓசூர் வீட்டில் யாராவது மூக்கை உறிஞ்சத் தொடங்குவார்கள். மருமகள் ஆவி பிடிக்கும் மின்கருவியை அலமாரியிலிருந்து இறக்குவாள். "தாத்தா, ஜலதோஷம்னா ஜலத்துல இருக்கிற தோஷமா?" என்று பேத்தி கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். டாக்டர் "சளி இருக்கா சார்?" என்று கேட்டாலும் "ஜலதோஷம் இருக்கு" என்பதுதான் என் பதில். கல்லூரியில் பாடம் நடத்திய மனிதர், அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மைக் காரணத்தை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, தீபாவளி முடிந்த கையோடு தூத்துக்குடியிலிருந்து இங்கே குடி வந்தோம். புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. ஜூஜுவாடிப் பக்கம், எல்லைக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி நின்ற தனி ஓட்டு வீடு. ஒரு பக்கம் வீட்டுக்காரம்மாவின் கேழ்வரகு நிலம். மறுபக்கம் வேறொரு தொழிற்சாலைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் கன்னடக்காரர்கள். தகரக் கொட்டகைகளில் குடும்பத்தோடு இருந்தார்கள். எங்களுக்குக் கன்னடம் ஒரு சொல்லும் தெரியாது. குளிரும் தெரியாது. உப்பளத்து வெயிலில் இருந்தவர்களுக்குக் குளிர்ச்சி என்பது மண்பானைத் தண்ணீரோடு முடிந்துபோகும் விஷயம்.

ஓசூர்ப் பனி எங்களைத் திகைக்க வைத்தது. விடிந்த பிறகும் முற்றத்துக் கொய்யா மரம் தெரியாது. சாலையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் இருமலும் செருப்புச் சத்தமும் கேட்கும், ஆள் இருக்காது. சில சமயம் தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிய உருவம் ஒன்று வேலியோரம் திடீரென்று தோன்றி, முகமே இல்லாதது போல் நடந்து, மறுபடி வெள்ளைக்குள் கரைந்துவிடும். எல்லையில் காத்துக் கிடக்கும் லாரிகளின் ஹாரன் நாலா பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வருவது போலிருக்கும்.

வந்த சில வாரங்களிலேயே தங்கச்சிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கைக்குழந்தை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். "இன்னொரு தடவை சளி பிடிச்சா குழந்தை தாங்காது, பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார் டாக்டர்.

அதன் பிறகு அம்மா ஒரு போரே நடத்தினாள். எங்கள் இருவருக்கும் காதில் பஞ்சு, தலையில் குல்லா, நெஞ்சில் கற்பூரம் காய்ச்சிய தேங்காயெண்ணெய், படுக்கும் முன் மிளகும் மஞ்சளும் போட்ட பால். ஊரில் என்றால் நொச்சி இலையில் ஆவி பிடிக்கலாம். இங்கே சாலையோரத் தைல மரத்தின் இலையைப் பறித்து வந்து கொதிக்கவைத்தாள். தயிர் வீட்டுக்குள் வருவது நின்றது. அடுப்பு அணையாமல் எரிந்தது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதியா, பட்டாளத்துக்கு அனுப்புதியா?" என்று என் கோலத்தைப் பார்த்து அம்மாவிடம் கேட்டு அப்பா சிரிப்பார். ஊரிலிருந்து வந்த மாமா வாசலில் ஒரு தும்மல் போட்டுவிட்டார். அதற்காக அவருக்கு இலை வெளியிலேயே விழுந்தது. "எக்கா, தும்முனதுக்கே இப்படின்னா, இருமியிருந்தா ரயிலேத்தி விட்டிருப்ப போலயே" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவின் பேச்சில் சளி ஓர் ஆளைப் போல நடமாடியது. "கதவச் சாத்துல, சளி உள்ள வந்திரும்." "காத மூடு, அது வழியாத்தான் இறங்கும்." கேட்டுக் கேட்டு, பனிக்குள் அது எங்கோ நின்றுகொண்டு எந்தச் சந்து திறக்கும் என்று பார்த்திருக்கிறது என நான் நம்பத் தொடங்கினேன். காலையில் ஜன்னலைத் திறக்கும்போது வெளியே பார்க்கமாட்டேன்.

ஒரு நாள் காலையில் தங்கச்சியின் மருந்து தீர்ந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அம்மா மட்டும் கடைக்குக் கிளம்பினாள். "தங்கச்சி முழிச்சா தொட்டில ஆட்டு. அடுப்ப அணைய விடாத. சளி பிடிச்சவ எவ வந்தாலும் கதவத் தொறக்கப்பிடாது, வீட்டுக்காரம்மாவா இருந்தாலும் சரி. நீதாம்ல வீட்டுக்குக் காவல்" என்றாள். வாசலைத் தாண்டியதும் பனி அவளை எடுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டும் ஓசை. கையால் தட்டுவது போல இல்லை. ஏதோ உரசுவது போலிருந்தது. ஜன்னல் பலகையை ஒரு விரற்கடை திறந்தேன். என்னைவிடச் சிறிய பெண் ஒருத்தி நின்றிருந்தாள். உடம்போடு ஒட்டிய பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலில் செருப்பில்லை. கொடியில் காய்ந்த தங்கச்சியின் கம்பளியை எடுத்துத் தோளில் போர்த்தியிருந்தாள். முகவாய் ஓயாமல் ஆடியது.

"அண்ணா, சளி" என்றாள்.

நான் பின்வாங்கினேன். "உனக்குச் சளியா?"

நான் சொன்னது தனக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். வேகவேகமாகத் தலையாட்டினாள். "ஹூ, சளி. தும்பா சளி, அண்ணா."

தும்பா என்றதைத் தும்மல் என்று எடுத்துக்கொண்டேன். தும்மும் சளி. அது தங்கச்சியின் கம்பளிக்குள் புகுந்துகொண்டு நிற்கிறது. "அத எடு! குடு இங்க!" என்று கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினேன். அவளுக்குப் பேச்சு புரியவில்லை. நீட்டிய கையில் தன் கையை வைத்தாள். கிணற்றடிக் கல்லைத் தொட்டது போலிருந்தது. கையை உதறிவிட்டுக் கம்பளியைக் காட்டினேன். அவள் கம்பளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தோளிலிருந்து எடுத்துக் கம்பி வழியாக என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றாள். கதவைத் திறப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்தித் தாழிட்டேன். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

அதன் பிறகு அந்தக் குரல் வீட்டைச் சுற்றி வந்தது. முன்கதவில், "அண்ணா, சளி." பின்கதவில், "சளி, அண்ணா." இரண்டு பக்கத்திலும் ஒரே சமயத்தில் கேட்பது போல் ஒரு தருணம் இருந்தது. காலடி ஓசை இல்லை. குரல் மட்டும் சுவரோரமாக நகர்ந்தது. சளியே நேரில் வந்து, தன் பெயரைச் சொல்லி, தங்கச்சியைக் கேட்கிறது என்றே நம்பினேன். கதவிடுக்கில் துணியைத் திணித்தேன். சாம்பிராணி போட்டு, புகையை வாசல் பக்கம் விசிறினேன். "போ! இங்க யாரும் இல்ல, போ!" என்று கத்தினேன். தங்கச்சி விழித்து அழுதாள். அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், சூடேறிய சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

குரல் அங்கேயும் வந்தது. என் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்தில், தாழ்வாக. சொல்லின் முதல் எழுத்து தேய்ந்து "ளி, ளி" என்று மட்டும் கேட்டது. சுவரை நகத்தால் சுரண்டும் ஓசை. பிறகு அதுவும் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா வந்ததும் மூச்சுவிடாமல் சொன்னேன். "ஒரு பிள்ள சளியோட வந்துச்சும்மா. தும்மல் சளி. விடவே இல்ல. கம்பளியயும் புடுங்கிட்டேன்."

"எஞ்சாமி" என்று அம்மா என் நெற்றியில் முத்தமிட்டாள். கம்பளியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். எனக்குப் பனங்கற்கண்டு கிடைத்தது.

பனி விலகிய பிறகு, நிலத்துக்குப் போன வீட்டுக்காரம்மாதான் அவளைப் பார்த்துச் சத்தம் போட்டார். எங்கள் அடுப்பங்கரைச் சுவரின் வெளிப்புறத்தில், அடுப்புச் சூடு கசியும் இடத்தில் முதுகை ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். நான் சாய்ந்திருந்த அதே இடம். நடுவே ஒரு செங்கல் கனம். பெற்றோர் வேலைக்குப் போன பின், கட்டட வேலைக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் விழுந்து, தானே ஏறி, பனியில் வழி தெரியாமல், புகை வாசம் வந்த வீட்டைத் தேடி வந்திருக்கிறாள். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து, சிமென்ட் ஏற்றி வந்த லாரியில் தூக்கிப் போனார்கள்.

"ஏனப்பா, அந்தக் கூசு வந்துச்சா? ஏதாவது சொல்லிச்சா?" என்று வீட்டுக்காரம்மா என்னைக் கேட்டார். கூசு என்றால் குழந்தை என்று அதற்குள் தெரிந்து வைத்திருந்தேன்.

"சளின்னு சொல்லிச்சு. தும்பா சளின்னு."

அவர் அம்மாவைத் தள்ளிக் கூட்டிப் போய்க் காதில் ஏதோ சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டோ, அதற்கும் அடுத்த ஆண்டோ, ஒரு காலையில் பள்ளி மைதானத்தில் கன்னடக்காரக் கூட்டாளி ஒருவன் உள்ளங்கையில் ஊதிக்கொண்டு, "அப்பப்பா, என்னா சளிடா!" என்றான். அவன் மூக்கைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"உனக்கு எங்கடா சளி?"

"மூக்குல இல்லடா லூசு, ஊர்ல. எங்க பாஷைல குளுருக்குச் சளிம்பாங்க."

"அப்ப தும்பான்னா?"

"நெறய."

மணி அடித்தது. எல்லாரும் வகுப்புக்குப் போனார்கள். நான் கொடிக்கம்பத்தடியில் வாந்தி எடுத்தேன்.

மொழி தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்லிவிடலாம். பல காலம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் உதடு நீலம் பாரித்திருந்ததை நான் பார்த்தேன். பற்கள் தந்தியடிக்கும் ஓசையைக் கேட்டேன். அவள் கையைத் தொட்டேன். குளிர்கிறது என்று தெரிந்துகொள்ள எந்த மொழியும் தேவைப்பட்டிருக்காது. காவல் காத்த பெருமையில் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

அவள் பிழைத்தாளா என்பது இன்றுவரை தெரியாது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். சில நாளில் கொட்டகை காலியாகி, அங்கே வேறு ஆட்கள் வந்தார்கள். அம்மா சாகும்வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் பெங்களூருக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெயில் தாழ்ந்த நேரம். சட்டை முழுக்கச் சிமென்ட் தூசி. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக் கை கூப்பி, கன்னடத்தில் ஏதோ நிறையச் சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது. கூட வந்த வீட்டுக்காரம்மா தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்: "உங்க சொவத்துச் சூட்டுலதான் கூசுக்கு உசிரு நின்னுச்சாம். டாக்டர் சொன்னாராம். உங்க புண்ணியம்னு கும்புடறார்."

அடுப்பை அணைய விடாமல் பார்த்துக்கொண்டது நான்தானே என்று முன்னால் போய் நின்றேன். அவர் குனிந்து என் தலையைத் தடவினார். அவருக்குச் சளி இருக்குமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பனி இறங்குகிற நேரமாயிற்றே, அதனால்தான் என்று நினைத்தேன்.