சிவப்புப் பெட்டியா, நீலப் பெட்டியா

ரெண்டாயிரத்து ஏழாம் வருஷத் தொடக்கத்தில் சவுதியில் எங்கள் தம்மாம் வீட்டு டிவிடி பிளேயர் வாயை மூடிக்கொண்டது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகும், தட்டு வெளியே வராது. என் வீட்டுக்காரர் கத்தி முனையால் நெம்பிப் பார்த்தார். கத்தி முனை உடைந்ததுதான் மிச்சம். அந்த ஊரில் தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் பாலம் தாண்டி பஹ்ரைனுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சிடி. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற என்னைப் போன்ற பெண்களுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"புதுசு வாங்கிடலாம் மச்சான்," என்றேன்.

"வாங்கலாம். ஆனா இப்ப வாங்கினா முட்டாள்தனம்," என்றார்.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கணக்கு பார்ப்பவர். எதையும் சட்டென்று வாங்கிவிட மாட்டார். ஊருக்குப் பேச போன் கார்டு வாங்கக்கூட நாலு கடை ஏறி, எந்தக் கார்டில் எத்தனை நிமிஷம் என்று விசாரித்துவிட்டுத்தான் வருவார். அதற்குள் எனக்குப் பேச இருந்த விஷயமே மறந்துபோகும். பிளேயர் விஷயத்தில் அவருக்கு நல்ல தீனி கிடைத்தது. டிவிடியின் காலம் முடியப் போகிறது, அதைவிட ஆறு மடங்கு தெளிவான படம் காட்டும் புது வட்டு வந்துவிட்டது, ஆனால் அது ஒன்றாக வராமல் ரெண்டாக வந்திருக்கிறது என்றார். ஒன்றின் பெயர் எச்.டி. டிவிடி, சிவப்பு உறை. இன்னொன்று புளூ ரே, நீல உறை. இதன் வட்டு அதில் ஓடாது, அதன் வட்டு இதில் ஓடாது. ரெண்டில் ஒன்றுதான் கடைசியில் நிற்கும்.

"எது நிக்கும்?"

"அதத்தான் பாக்கணும். ஆறு மாசத்துல தெரிஞ்சிடும்."

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி கல்யாணம் நடந்தது. எனக்கு ஒரே தங்கச்சி. என்னால் போக முடியவில்லை. எங்கள் தங்கும் அனுமதியான இக்காமாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். அது வராமல் ஊருக்குப் போய்வர பேப்பர் கிடைக்காது. வரும், நாளை வரும் என்று எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் ஆபீஸில் சொல்லிச் சொல்லியே நிக்காஹ் முடிந்துவிட்டது. அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. வீட்டுக்காரர் வாங்கிவந்த குப்பூஸ் ரொட்டியை நானும் சாப்பிடவில்லை, அவரும் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து, லீவு முடிந்து வந்த ஒருவரிடம் உம்மா கல்யாண சிடி கொடுத்துவிட்டாள். மூன்று வட்டுகள், துணியில் சுற்றி, ஓரம் தைத்து. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "பொம்பளைங்க பக்கம் எடுத்தது. வெளியாளுங்க வீட்ல போடாதே. மாப்பிள்ளை வீட்ல கண்டிஷனா சொல்லியிருக்காங்க." எங்கள் பக்கம் இது வழக்கம்தான். பெண்கள் இருக்கும் பக்கத்தைப் பெண்ணேதான் கேமரா பிடிப்பாள், அந்த சிடி வீட்டை விட்டு வெளியே போகாது. ஆக, மேல் வீட்டு மாமியிடம் நல்ல பிளேயர் இருந்தும் பிரயோசனமில்லை.

"இதுக்காவது ஒரு பழைய மாடல் வாங்குங்க," என்றேன்.

"ரெண்டு மாசம் பொறு. வாங்கினா ஒரேயடியா வாங்கணும். உன் தங்கச்சிய நல்ல மெஷின்ல பாரேன்," என்றார்.

பழியை அவர் தலையில் மட்டும் போட மாட்டேன். அந்த ரெண்டு மாதத்துக்கு நானும் தலையாட்டினேன். ஏனென்றால் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் பெரிய கடைக்குப் போவோம். அங்கே ரெண்டு டிவியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் சிவப்பையும் ஒன்றில் நீலத்தையும் ஓட்டுவார்கள். ரெண்டிலும் மீன்தான். செதில் செதிலாகத் தெரியும். நான் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பேன். எந்த மீன் தெளிவு என்று அல்லாஹ் சத்தியமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடையில் நின்ற மலையாளிப் பையனைக் கேள்வி கேட்டுக் குடைந்தேன். குழந்தை கை பட்டுக் கீறல் விழுந்தால் எது தாங்கும்? கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா? அவன் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வான். அப்படித்தான் எனக்கு ஒன்று தெரிந்தது: ரெண்டு மெஷினுமே உள்ளே நீல ஒளியை வைத்துத்தான் வட்டைப் படிக்கிறதாம். ஒருத்தன் மட்டும் அதைப் பெயரில் போட்டுக்கொண்டான். என்ன சாமர்த்தியம் என்று வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் ஆபீஸில் இன்டர்நெட்டைப் பார்த்து, பேப்பரில் பிரிண்ட் எடுத்து வருவார். சாப்பிட்டு முடித்ததும் ரெண்டு பேரும் அதைப் படிப்போம். அவர் சிவப்புக் கட்சி. விலை குறைவு, அதோடு எந்த நாட்டில் வாங்கிய வட்டாக இருந்தாலும் ஓடும் என்பார். நீலத்துக்கு நாடு பார்த்துப் பூட்டு போட்டிருந்தார்கள். "உன் நீலத்துக்கு இக்காமா வேணும்டி, என் சிவப்புக்கு வேணாம்," என்று சிரிப்பார். நான் நீலம். பெரிய படக் கம்பெனிகள் அதன் பின்னால்தான் அதிகம் நின்றன என்று நானே விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன். ரெண்டிலும் ஒரு தமிழ்ப் படம்கூடக் கிடையாது என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஊருக்குப் போன் போட்டபோது உம்மா வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சி கேட்டாள். "லாத்தா, சிடி வந்துச்சா? பார்த்தியா?"

சவுதியில் இருக்கிறவள் வீட்டில் சிடி போட ஒரு பெட்டி இல்லை என்று எந்த வாயால் சொல்ல? கல்யாணத்துக்கும் வரவில்லை, சிடியும் பார்க்கவில்லை என்றால் அவள் மனசு என்ன பாடுபடும்? "பார்த்தேன்டி," என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

"மூணாவது சிடியும்?"

"அதான் முழுசான்னு சொல்றேன்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையே நீ?"

"வேற என்ன சொல்ல?"

அவள் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமும் அதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டாள், நானும் அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. போன் பேச்சும் சுருங்கிவிட்டது. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான். புருஷன் வீட்டுக்குப் போனவள், மாறத்தான் செய்வாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ரெண்டு மாதம் ஆறு மாதமானது. இன்னொரு ஆள் கையில் ஊரிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரித்தால் என் பச்சைக்கல் ஜிமிக்கி. என் கல்யாணத்துக்கு வாப்பா செய்து போட்டது, ஊரில் பீரோவில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சின்ன வயசிலிருந்தே என் நகையை அவள் தொட்டால் எனக்குப் பிடிக்காது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேச மாட்டேன். ஜிமிக்கியோடு அவள் எழுதிய ஒரே வரி: "உன் பொருள் உன்கிட்டயே இருக்கட்டும் லாத்தா." இவளுக்கு என்ன வந்தது இப்போது, பீரோவை ஒழித்திருப்பாளோ என்று நினைத்து எடுத்து உள்ளே வைத்தேன்.

வருஷக் கடைசியில் உம்மா போனில் சொன்னாள், தங்கச்சி உண்டாகியிருக்கிறாள் என்று. எனக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு சுருக்கென்றது. இதை அவள் வாயால் என்னிடம் சொல்லவில்லையே. கோபத்தில் நானும் அவளைக் கூப்பிடச் சொல்லவில்லை.

அடுத்த வருஷத் தொடக்கத்தில், ரெண்டு பக்கமும் படம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய படக் கம்பெனி நீலம் மட்டும் போதும் என்று கட்சி மாறியது. ஒரு மாதத்துக்கெல்லாம் சிவப்பைத் தயாரித்தவர்களே கடையைக் கட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பேப்பரை என் மடியில் போட்டு, "ஜெயிச்சிட்டே," என்றார். தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி அன்று முழுக்க வீட்டில் வளைய வந்தேன். அந்த வியாழக்கிழமையே புளூ ரே பெட்டி வீட்டுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து அவர் ஒயர் எல்லாம் மாட்டினார். நான் உம்மா தைத்திருந்த துணியைப் பிரித்து முதல் சிடியைத் தட்டில் வைத்தேன். பெட்டி அதை இழுத்துக்கொண்டது, யோசித்தது. இந்த வட்டைப் படிக்க முடியாது என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டிவிட்டுத் திரும்பத் துப்பியது. ரெண்டாவதையும் துப்பியது. மூன்றாவதையும் துப்பியது.

அவர் புத்தகத்தை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. ஊர் ஸ்டுடியோவில் கொடுத்தது டிவிடியே இல்லை, அதற்கும் முந்திய விசிடி. விசிடி ஒன்றில் ஒரு மணி நேரப் படம்தான் கொள்ளும், ஒரு கல்யாணத்துக்கு மூன்று வட்டு என்றபோதே புரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு வட்டமாக மினுங்கினால் எல்லாம் சிடி. உலகத்திலேயே தெளிவாகப் படம் காட்டுகிற அந்தப் பெட்டிக்கு விசிடி மட்டும் ஓடாதாம். ஒரு வருஷத்துக்கு மேலாக எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன் அந்த மலையாளிப் பையனிடம். கையில் இருக்கிற இந்த மூன்றும் ஓடுமா என்று ஒரு தடவை கேட்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அஸர் தொழுகை முடிந்து கடைகள் திறந்ததும் பழைய மார்க்கெட்டில் எதைப் போட்டாலும் ஓடும் என்று விற்கிற ஒரு சைனா பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

அது ஓடியது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் கரகரத்து, ஆனால் ஓடியது. பெண்கள் பக்கம் எடுத்தது என்பதால் அவர் வெளி அறைக்குப் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது சிடியில், பெண்ணை அழைத்துப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், தங்கச்சி கேமராவைக் கிட்டக் கூப்பிட்டாள். முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டினாள். என் பச்சைக்கல் ஜிமிக்கி.

"லாத்தா, உன்னைக் கேக்காம எடுத்துப் போட்டுக்கிட்டேன். நீ வரலைல, உன் பொருளாவது என்கூட இருக்கட்டும்னு. கோபமா? இதப் பார்த்ததும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் காத்திருப்பேன்."

கார்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அவள் வீட்டு நம்பரை அழுத்தினேன். அவளே எடுத்தாள்.

"பச்சைக்கல் ஜிமிக்கி உனக்குத்தான்டி எடுப்பா இருக்கு," என்றேன்.

அவள் மெதுவாக, "இப்பத்தான் பார்த்தியா லாத்தா?" என்றாள்.

"இப்பத்தான். அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

"அப்ப நீ கோபமாவே இல்லையா? நான் உண்டானதக்கூட உன்கிட்ட சொல்லப் பயந்து உம்மாவ விட்டுச் சொல்லச் சொன்னேனே லாத்தா," என்று அவள் உடைந்து அழ ஆரம்பித்ததும் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

வெளி அறையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் கையிலிருந்த போனையும் பார்த்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடி, கீழே பக்காலா கடையில் முதலில் கைக்கு அகப்பட்ட கார்டை வாங்கிக்கொண்டு வந்தார். எத்தனை நிமிஷம் என்று அன்று அவர் கேட்கவில்லை.