அப்பா இறங்கி வந்த கோடை

என் அப்பா தலை நரைக்கும்வரை தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவர். சின்னக்கானல் பக்கத்தில் ஓர் எஸ்டேட். இலையை உலர்த்தும் எந்திரத்துக்குச் சூட்டை அனுப்புகிற பெரிய அடுப்பு அது. அதன் வாயில் நின்று வேலை செய்துவிட்டு வெளியே வந்தால் மூடுபனி முகத்தில் அடிக்கும். ஸ்வெட்டரை மாட்டி, தலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு ஏறி வருவார். வந்ததும் அம்மா பால் கலக்காத கட்டன் சாயா கொடுப்பாள். குளிரில் கை நடுங்க அதைக் குடிப்பார். என் சிறுவயது அப்பா என் நினைவில் அப்படித்தான் இருக்கிறார்.

அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அம்மாவுக்கு வேலை இருந்ததால் அந்த இரண்டு அறை லயத்து வீடு எங்களிடம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் அம்மா காய்ச்சலோடு படுத்தாள், எழவில்லை. காரியம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வேலை செய்கிறவர் யாரும் இல்லாத குடும்பத்துக்கு எஸ்டேட்டில் வீடு கிடையாது. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி, அம்மாவின் போட்டோ ஆகியவற்றோடு அவர் என்னிடம் இறங்கி வந்தார்.

நான் இருப்பது பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில். இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்தவள், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டேன். கணவருக்குத் தென்னந்தோப்பு. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அறை காலியாகத்தான் கிடந்தது. அதை அப்பாவுக்குக் கொடுத்தோம்.

அவர் வந்தது மார்கழியில். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடாமல் அடிக்கும். பனைமரங்கள் இரைந்துகொண்டே இருக்கும். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. வாசலில் நாற்காலி போட்டு மப்ளரோடு உட்கார்ந்திருப்பார்.

"நான் பயந்துக்கிட்டே வந்தேன் தாயி. பரவாயில்ல, நம்ம ஊருக் காத்து மாதிரித்தான் இருக்கு" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.

மாசி பிறந்ததும் அதே காற்று சூடாகிவிட்டது. அது கிழக்கேயிருந்து, காய்ந்த நிலங்களின் மேல் ஊர்ந்து வரும் காற்று. காலை ஒன்பது மணிக்கே உதடு வெடிக்கும். அப்பா முதலில் மப்ளரை எடுத்தார். பிறகு சட்டையை. பிறகு பனியனையும் கழற்றிவிட்டு, ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். மனிதர்கள் முன்னால் சட்டையில்லாமல் இருந்து பழக்கமில்லாதவர் அவர். யாராவது வந்தால் அவசரமாக எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்களுடையது கான்கிரீட் வீடு. முன்பு இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டியது. பகலெல்லாம் வாங்கிக்கொண்ட சூட்டை அந்தக் கூரை சாயங்காலத்துக்கு மேல்தான் இறக்க ஆரம்பிக்கும். நாங்களும் எங்களால் ஆனதைச் செய்தோம். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அதன்மேல் தென்னந்தடுக்குகளைப் பரப்பிக் காற்றுக்குப் பறக்காமல் செங்கல் வைத்தோம். ஜன்னல்களில் சாக்கைக் கட்டி மணிக்கொரு தடவை தண்ணீர் தெளித்தோம். வெயில் ஏறுமுன்பே சமையலை முடித்துவிடுவேன். அப்பாவின் அறைத் தரையை நனைத்து நனைத்துத் துடைப்பேன். துடைத்து முடித்துத் திரும்பினால் ஆரம்பித்த இடம் காய்ந்திருக்கும். குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து வெந்நீர்தான் வரும். ஏசி போடலாம் என்று மின்சார வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டினோம். கரண்ட் லைன் எங்கள் வீட்டோடு முடிகிறது, இந்த வோல்டேஜில் ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அது எங்களுக்கே தெரியும். மதியத்தில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றும்.

பங்குனியில் சுகாதார நிலையத்து ஆஷா பணியாளர் வீடு வீடாக வந்து சொன்னார்.

"பதினோரு மணி தொட்டு மூணு மணி வரைக்கும் ஆரும் வெளிய இறங்க வேண்டாம் டீச்சர். வயசானவங்க இருக்காங்கல்ல, நல்லா தண்ணி கொடுங்க. சூர்யாகாதம் வரும், வெயில் தாக்கி உயிருக்கே ஆபத்தாயிரும்."

அப்பா அவர் போனபின் என்னிடம் கேட்டார்.

"வெளிய போகாதேங்குறா. உள்ள எங்க இருக்கச் சொல்றா?"

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மோர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

"வாழ்க்கை பூரா நெருப்புகிட்ட நின்னவருதானுங்களே மாமா. இந்த வெயிலு உங்கள என்ன பண்ணுதுங்க?" என்று என் கணவர் ஒருநாள் ஆறுதலாகத்தான் கேட்டார்.

"அது வேற மாப்ள. அங்க பொறுக்கலேன்னா கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்துருவேன். இங்க வெளியன்னு ஒண்ணு இல்லியே" என்றார் அப்பா.

அதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் ஒரு காரியம் செய்தார். தோப்பில் கிணற்று மோட்டார் தண்ணீரைக் கொட்டுகிற சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் மரங்களுக்கு வாய்க்கால் போகிறது. எப்போதும் விடிகாலையில் மோட்டார் போடுவார். வெயிலுக்கு முன் பாய்ந்தால்தான் தண்ணீர் வேர் வரைக்கும் இறங்கும். அன்று காலையில் போடவில்லை. உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்து, ஒரு குடையை விரித்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"எந்திரிங்க மாமா. மோட்டார் போட்டுட்டேனுங்க. தொட்டிக்குப் போலாம் வாங்க. ஊட்டுக்குள்ளயே கெடந்தா வெந்து போயிருவீங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிக் குழாய்க்கு நேர்கீழே உட்கார்ந்தார். ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர் தலையில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, குழந்தைகள் பால் குடிக்கும்போது வருமே அதுபோல. நான் தென்னை நிழலில் துண்டோடு நின்றிருந்தேன். என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். பகல் முழுக்க அப்பா அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார். தொட்டியிலிருந்து வந்தால்தான் இரண்டு வாய் சோறு இறங்கும்.

கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மோட்டார் ஓடும் நேரம் குறைந்தது. உச்சிவெயிலில் பாய்ந்த தண்ணீர் பாதி வாய்க்காலிலேயே ஆவியாகிப் போனது. கிழக்கு வரிசையில் மரங்களின் மட்டைகள் மடிந்து, குரும்பைகள் உதிர ஆரம்பித்தன. என் கணவர் அவற்றைப் பொறுக்கி வரப்போரம் குவித்தார். ஒருநாள் பக்கத்துத் தோப்புக்காரர் வரப்பில் நின்றபடி கேட்டார்.

"ஏனுங்க, உச்சி நேரத்துல தண்ணி உட்டா மரம் எப்படிங்க தாங்கும்? உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அப்பா தொட்டியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து, தலையைக்கூடத் துவட்டாமல், வரிசை வரிசையாக மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். மறுநாள் குடையோடு வந்த மருமகனிடம், "மரத்துக்கு ஊத்துங்க மாப்ள. எனக்கு இன்னிக்கு உடம்பு கதகதன்னு இருக்கு, தண்ணி வேணாம்" என்றார். அதற்கடுத்த நாளும் ஏதோ சொன்னார். பிறகு என் கணவர் எவ்வளவு கூப்பிட்டும் அவர் தோப்புப் பக்கம் போகவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தது. நான் நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தேன். அவர் கட்டிலை விட்டு ஈரத்தரையில் படுத்தார். பேச்சு குறைந்தது. தண்ணீர் கொடுத்தால் இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் போதும் என்பார். மேலே சின்னக்கானலில் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, இன்னும் லயத்தில்தான் இருந்தார். அவருடைய மருமகளுக்கு எஸ்டேட்டில் வேலை. அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணன அனுப்பி வையி பாப்பா. இருக்குற எடத்துல படுத்துக்கிருவோம். அதுக்கு எதுக்கு யோசிக்கிற?" என்றார்.

அப்பாதான் யோசித்தார். "ரெண்டு ரூம்புல அவன் குடும்பமே இடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நான் போயி எங்க காலை நீட்டுறது?" கடைசியில், சித்திரை பிறந்து விஷு முடியட்டும், போகலாம் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் காயவைத்துப் பையில் வைத்தேன்.

விஷுவுக்கு முன்னால் ஒரு மதியம். கரண்ட் போயிருந்தது. சாப்பிட மாட்டேன் என்று படுத்தவரை எழுப்பி மோராவது கொடுக்கலாம் என்று போனேன்.

"யாரு, சூப்பர்வைசரா?" என்றார்.

"நான்தாம்ப்பா."

"வெறகு போதும்யா. இதுக்கு மேல போட்டா தூள் கருகிப் போகும். கதவத் தொற. பனி உள்ள வரட்டும்."

நெற்றியைத் தொட்டேன். சுட்டது. உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் காகிதம்போலக் காய்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் என் கணவர் தோப்பிலிருந்து ஓடிவந்தார். போர்வையை நனைத்து அப்பாவைச் சுற்றி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். பக்கத்துத் தோப்புக்காரர்தான் ஜீப்பை எடுத்தார். வழி நெடுக நான் குடத்திலிருந்து தண்ணீரை அள்ளி அப்பாவின் மார்பில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி சேரும்வரை அப்பா கதவைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது.

வெயிலில் எங்கே போயிருந்தார் என்று அங்கிருந்த இளம் டாக்டர் மலையாளத்தில் கேட்டார்.

"எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குள்ளேதான் இருந்தார்" என்றேன்.

கக்கத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பைகளை வைத்தார்கள். அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விஷுவன்று நான் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏசி. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த காற்று என் கால்வரைக்கும் வந்து போனது.

அப்பா பிழைத்துக்கொண்டார். கண் விழித்து என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பேச வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்து வந்தன. எழுப்பி நிற்க வைத்தால் கப்பலில் நிற்பவர்போல ஆடினார். மூளையின் பின்பகுதியைச் சூடு தாக்கியிருக்கிறது, கொஞ்சம் சரியாகும், முழுதும் ஆகாது என்றார் டாக்டர்.

மறுபடி அந்த வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வாடகைக் காரில் உடுமலை வழியாக மேலே கூட்டிப்போனோம். மறையூர் வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அதைத் தாண்டி ஏறும்போது தேயிலை வாசனை வந்தது. விழித்துக்கொண்டார். என் கணவர் கண்ணாடியை இறக்கினார். அப்பா கையை வெளியே நீட்டி, காற்றில் விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கை முழுக்க மயிர்க்கூச்செறிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமும் காட்டினார்.

சித்தப்பா வீட்டில் முன்னறையை அவருக்கு ஒழித்து வைத்திருந்தார்கள். சித்தப்பாவும் பேரனும் அடுப்படியில் படுத்தார்கள். நான் ஒரு வாரம் இருந்தேன். கிளம்பும் நாளில் அப்பா நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சித்தியைப் பார்த்தேன்.

"குளிருக்கு இறங்கி வாரேன்னு சொல்றாரு. வெயிலு வந்தா இங்கிட்டு ஏறிக்கிருவாராம்" என்றாள் சித்தி.

"சரிப்பா, மார்கழிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மார்கழியில் போனேன். அதற்குள் அவரால் பஸ் ஏற முடியாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனால்கூட வளைவுகளில் தலைசுற்றி வாந்தி வருகிறதாம். லயத்து வாசலில் இளவெயில் விழுகிற இடமாகப் பார்த்து அவரை உட்கார வைத்திருந்தார்கள். ஸ்வெட்டர் போட்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. கூட வா என்று நான் கூப்பிடவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருஷம் மாசிக்கு முன்பே சூடு ஆரம்பித்துவிட்டது. கிழக்கு வரிசையில் பட்டுப்போன மரங்களை வெட்டிவிட்டதால் முற்றத்தில் முன்னைவிட வெயில் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்கிறேன். நேரில் இருந்தால் வாயசைவைப் பார்த்து ஓரளவு பிடித்துக்கொள்வேன். போனில் வெறும் குரல்தான். சித்திதான் பக்கத்திலிருந்து எடுத்துச் சொல்வாள். என் கணவருக்கு என்னைவிடப் பொறுமை. "இன்னொருக்கா சொல்லுங்க மாமா" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, ஏதாவது ஒரு சொல்லையாவது பிடித்துவிடுவார்.

போன ஞாயிறு என் கணவர் தோப்பில் இருந்தார். சித்தியும் கடைக்குப் போயிருந்தாள். அப்பாவே போனை எடுத்தார். ஏதோ ஒன்றை ரொம்ப நேரம் சொன்னார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். கடைசியில் ஒரு கேள்விபோல முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"சரிப்பா" என்றேன்.

சரி என்று சொல்லக்கூடிய கேள்விதானா அது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒருமுறை கேட்டிருப்பேன், அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.