சித்தப்பா போட்ட நாற்பது கோடு

என் மகன் வீட்டுக்குப் பின்னால் இரும்பு கடைகிற லேத்து ஒன்று போட்டிருக்கிறான். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு பட்டறை. அதில் இவனுடையதும் ஒன்று. போன மாதம் அதற்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்டினான். கைப்பிடியைத் திருப்பினால் பெட்டியில் சிவப்பாக நம்பர் ஓடுகிறது. இரும்பை எவ்வளவு சீவியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. செல்போன் வாங்கின அன்றைக்குக்கூட அவன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. ஆயுத பூஜை நெருங்கியதும் என்னிடம் வந்து, "எம்மா, எத வேணா தேச்சிக் கழுவு. இந்தப் பொட்டி கிட்ட மட்டும் வந்துடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றான். மருமகள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். சரியான ஆளிடம்தான் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். ராயபுரத்தில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்குத் துறைமுகத்துப் பட்டறையில் வேலை. அது போக, வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பு இறக்கி, காலால் மிதித்து ஓட்டுகிற பழைய லேத்து ஒன்று வைத்திருந்தார். ஏதோ உடைத்த கப்பலிலிருந்து வந்த சாமான். மீன்பிடி லாஞ்சுக்காரர்கள் போல்ட்டு, கப்பி, அச்சு என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்து அதைச் செய்து கொடுப்பார்.

சித்தப்பா நைனாவுக்கு ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மூட்டை தூக்குகிற கைக்கு அத்தனை நிதானம் எங்கிருந்து வந்ததோ, தெரியாது. லேத்தை ஓட்டுவதைவிட அதற்கு ஏதாவது பண்ணிக்கொண்டே இருப்பதில்தான் அவருக்கு ஆசை. சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் பல் பட்டுப் பித்தளையில் வடு விழுகிறது என்று, அதன் இரண்டு வாய்க்கும் செப்புத் தகடு மடித்து மாட்டினார். துளை போடுகிற மிஷினில் கைப்பிடி தானாக மேலே போகவில்லை என்று சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கைக் கழற்றிக் கோர்த்தார். சாணைக்கல்லுக்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மறைப்பு வைத்தார். அரத்துக்கெல்லாம் பிடி போட்டார். நைனா வெற்றிலையை மென்றுகொண்டே, "நீ சாமானுக்கு நகை செஞ்சிப் போட்டுகினே இரு. வேலைய எவன் செய்யறது?" என்பார். ஆனால் அந்த வைஸை, அந்த ஸ்பிரிங்கை, தினமும் அவர்தான் உபயோகித்தார்.

அந்த லேத்தில் ஒரு குறை இருந்தது. உளியை முன்னால் தள்ளுகிற கைப்பிடியில் ஒரு குறியும் கிடையாது. நைனா குத்துமதிப்பாகத் திருப்புவார், கொஞ்சம் சீவுவார், நிறுத்துவார், காலிப்பர் வைத்து அளந்து பார்ப்பார், மறுபடி திருப்புவார். ஒரு அச்சுக்குப் பத்து தடவை இப்படி. இதைப் பார்த்துப் பார்த்துச் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. டபரா வாயளவுக்கு ஒரு பித்தளை வளையம் கடைந்து, கைப்பிடிக்குப் பின்னால் பொருத்தினார். காகிதத்தை வளையத்தைச் சுற்றி அளந்து வெட்டி, மடித்து மடித்து நாற்பது பங்காக்கி, கிராமபோன் ஊசியால் வளையத்தில் நாற்பது கோடு கீறினார். நாலு சின்னக் கோடு, ஐந்தாவது பெரிய கோடு. கோட்டில் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்ததும் எல்லாம் கறுப்பாக எழுந்து நின்றன. ஒரு கோடு நகர்ந்தால் ஒரு தலைமுடி கனத்துக்கு இரும்பு சீவும். எண்ணித் திருப்பினால் போதும், அளக்கவே வேண்டாம்.

"இப்ப சும்மா மேலாலதான் கீறிக்கிறேன் அண்ணாத்தே. ரெண்டு வேல செஞ்சி சரியா வந்துச்சின்னா அப்பால ஆழமா எறக்கிடறேன்" என்றார்.

நைனா ஒரு போல்ட்டு செய்து பார்த்தார். இன்னொன்று செய்து பார்த்தார். மறுநாள் வேலைக்குப் போனவர் நேராகப் போர்மேனிடமே போய்த் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தப் போர்மேன் வடசென்னையில் ஒருவரையும் மதிக்காத ஆள். அவரே, "விஜயதசமிக்கு வூட்டாண்ட வரேன். எங்கண்ணு முன்னால ஒண்ணு செய்யட்டும். சரியா கீதுன்னா பட்டறையில சேத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வீடு தலைகீழாகப் போயிற்று. அம்மா அன்றைக்கே நைனாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துச் சித்தப்பாவுக்கென்று எடுத்து வைத்தாள். இனி மூட்டை தூக்க வேண்டாம் என்கிற பேச்சு விஜயதசமிக்கு இருந்த பத்து நாளும் வீட்டில் ஓயவில்லை.

ஆயுத பூஜையன்று விளக்குத் தேய்க்கிற வேலை என்னுடையது. புளியும் செங்கல் தூளும் கொடுத்து அம்மா உட்கார வைத்தாள். நான் தேய்த்தால் விளக்கில் முகம் பார்க்கலாம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, தெருவே சொல்லும். குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் முடிந்தது. புளி மிச்சமிருந்தது. சாமி கும்பிடப் போவது பட்டறைச் சாமானுக்குத்தானே, அதையும் தேய்ப்போம் என்று நானாகவே பின்னால் போனேன். நைனா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். சித்தப்பா பூவும் பூசணிக்காயும் பொரியும் வாங்கப் போயிருந்தார். லேத்தில் பித்தளை என்று கண்ணுக்குப் பட்டது அந்த வளையம் ஒன்றுதான். பித்தளையில் கறுப்பாக இருந்தால் அது அழுக்கு; அதுவரை நான் படித்த படிப்பு அவ்வளவுதான். செங்கல் தூளை வைத்து அழுத்தித் தேய்த்தேன். வளையம் தங்கமாகப் பளபளத்தது.

தண்ணீர் ஊற்றித் துடைத்த பிறகுதான் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. சித்தப்பா இன்னும் ஆழமாக இறக்காத கீறல், கரியோடு அதுவும் போய்விட்டது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சித்தப்பாவின் தகர டப்பாவிலிருந்து ஊசியை எடுத்தேன். கோடு எவ்வளவு இடைவெளி விட்டு இருந்தது என்பது கண்ணில் இருந்தது, ஏறக்குறைய ஓர் அரிசி நீளம். அடுக்களையிலிருந்து ஓர் அரிசி எடுத்து வந்து, அதை வைத்து வைத்துக் கீறினேன். நாலு சின்னது, ஒன்று பெரியது. சுற்றி வந்தபோது கடைசியில் ஒன்றரை அரிசிக்கு இடம் மிச்சம் நின்றது. கடைசியில் போட்ட நாலைந்தைத் தேய்த்து அழித்து, கொஞ்சம் கொஞ்சம் அகலம் விட்டு மறுபடி போட்டுச் சரிக்கட்டினேன். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். பார்த்தால் அசல் அதேதான். அதற்கு மேல் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிட்டேன். பொட்டு வைத்த சாமானை மறுநாள் வரை ஒருவரும் தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

விஜயதசமி காலையில் போர்மேன் சீக்கிரமே வந்துவிட்டார். சித்தப்பா வெள்ளைச் சட்டையில் கூச்சத்தோடு நின்றார். லேத்தில் பொட்டு காய்ந்திருந்தது. அவசர அவசரமாக ஒரு துணியால் வளையத்தைத் துடைத்தார்.

"இன்னாபா, கோட்ட பாத்தே இரும்ப சீவறியாமே? எங்க, காட்டு" என்று போர்மேன் தான் கொண்டுவந்த கப்பியை எடுத்து வைத்தார். அதன் ஓட்டைக்கு இறுக்கமாகப் போகிற மாதிரி ஓர் அச்சு வேண்டும். ஓட்டையையும் இரும்புத் தண்டையும் அளந்து கொடுத்த நைனா, அந்தக் காலிப்பரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "நடுவுல அளக்கவே வாணாம் சார். பாத்துகினே இருங்க" என்றார்.

சித்தப்பா மிதித்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினார். இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. நான் பொரித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். சொல்ல வேண்டுமானால் அதுதான் நேரம். கோடு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அச்சை எடுத்துக் கப்பியில் நுழைத்தார்கள். தட்ட வேண்டியிருக்கவில்லை. தானாகவே உள்ளே போய், மறுபக்கம் வழியாக வெளியே வந்து விழுந்தது. நாற்பது இருக்க வேண்டிய சுற்றில் கோடு குறைந்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் உளி கூடுதலாக இறங்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்?

போர்மேன் அதை மறுபடி நுழைத்து ஆட்டிப் பார்த்தார். "கெழவி பல்லு கணக்கா ஆடுதேபா" என்று சிரித்தார். போகும்போது நைனாவிடம், "மூட்ட தூக்கறவன மூட்ட தூக்க வுடுபா" என்றார்.

நைனாவின் முகம் கறுத்துப் போயிற்று. "கோடு போட்டானாம் கோடு. உன்ன நம்பி ஊரெல்லாம் பீத்திகினேன் பாரு, என்னியதான் சொல்லணும்" என்றார். சித்தப்பா வளையத்தின் மேல் குனிந்து, கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு கோடாக நகர்த்திக்கொண்டு போனார். ஒரு சுற்று போனார். மறுபடி ஒரு சுற்று. பிறகு தலையைத் தூக்கி, புதுசு போலத் துலங்கிய சொம்பையும் விளக்கையும் பார்த்தார். செங்கல் நிறம் போகாத என் விரல்களைப் பார்த்தார்.

"என் தப்புதான் அண்ணாத்தே. காயிதத்த சரியா மடிக்கல" என்றார்.

அப்புறம் என்னிடம், "இன்னா பாப்பா, பொரி துன்னியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அன்றே வளையத்தைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவர் லேத்துப் பக்கம் போகவில்லை. வைஸின் செப்புத் தகடு தேய்ந்து விழுந்தபோது நைனா வேறு போடவில்லை. சித்தப்பா இருபத்தைந்து வருஷம் மூட்டை தூக்கினார். என் கல்யாணத்துக்கு வந்தபோதே முதுகு வளைந்திருந்தது. என் மகன் பிறந்தபோது வந்து தூக்கிக் கொஞ்சினார். குழாயடியிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, நான் யாரிடமும் போய்த் தப்பு என்று நின்றவளில்லை. அந்த வீம்பு சித்தப்பாவிடமும் குறுக்கே நின்றது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த தடவை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்த விஜயதசமியன்று எனக்கு அழுகை வரவில்லை. சொன்னால் வெட்கம், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. போட்டவருக்கே அடையாளம் தெரியாதபடி நான் கோடு போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தட்டிலிருந்த பொரியை அள்ளி அள்ளித் தின்றேன். அவர் நகத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு விளங்கவில்லை. நான் போட்டது முப்பத்தேழா, முப்பத்தெட்டா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.